பட்டாளத்து நைலான் வார்: கோளாறு வாரிலா, வேறெங்காவதா?

மலேசியாவில், தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் என்னிடம் ஸ்பிரிங் பார், அதாவது கடிகாரத்தில் வாரைத் தாங்கும் கம்பி, கழற்றும் கருவி ஒன்றும் பழைய வெர்னியர் காலிப்பர் ஒன்றும் இருப்பது எப்படியோ ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. "அண்ணே, இந்த பெல்ட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று மாதத்துக்கு நாலு பேராவது வந்து நிற்கிறார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் நேட்டோ வார், கடிகாரத்துக்கு அடியில் ஒரே நீளமாக ஓடும் அந்த நைலான் பட்டை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் கைப்பேசியில் படம் பார்த்து வரவழைத்ததாக இருக்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் வாரைத்தான் திட்டுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் குறை வாரில் இருப்பதில்லை. அளவு தப்பாக இருக்கும், அல்லது வாரைத் தாங்கும் கம்பி கெட்டிருக்கும், அல்லது கோத்த விதம் பிசகியிருக்கும். அதனால் உங்கள் கையில் என்ன தெரிகிறதோ அதைக் கீழே தேடிப் பிடித்து அங்கிருந்து படியுங்கள். இனிமேல்தான் வாங்கப்போகிறேன் என்பவர்கள் முழுக்கப் படியுங்கள். எங்கெங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்தால் கடையில் எதைத் தடவிப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1973இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சு தன் பட்டாளத்துக்கு ஒரு கடிகார வாருக்கான தர விதியை வெளியிட்டது. எண் 66-15. சாம்பல் நிற நைலான், 20 மி.மீ. அகலம். சிப்பாய்கள் அதைக் கிடங்கிலிருந்து வாங்க நிரப்பிய படிவம் ஜி1098. அதனால் ஜி10 என்று பெயர் வந்தது. கிடங்குப் பொருளுக்கு நேட்டோ இருப்பு எண் கொடுத்திருந்ததால் பிற்பாடு வியாபாரிகள் நேட்டோ வார் என்றார்கள். நேட்டோ நாட்டுப் படைகள் எல்லாம் இதைக் கட்டிக்கொண்டு திரிந்தன என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்குக் கோடு போட்ட எந்தத் துணிப்பட்டைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உறையில் 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வார் உள்ளே போகவில்லை. அல்லது போனபின் ஓரத்தில் கம்பி தெரிகிறது

இது அளவுப் பிழை. கடிகார உடலிலிருந்து மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளுக்கு நடுவே உள்ள உள் இடைவெளிதான் வாரின் அகலம். டயல் எவ்வளவு பெரிது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு தாளை நீளமாகக் கத்தரித்துக் காதுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். உரசாமலும் ஆடாமலும் உட்காரும்வரை ஓரத்தை நறுக்கி, பிறகு அந்தத் தாளைப் பள்ளிக்கூட ரூலரில் அளந்துகொள்ளுங்கள். ரூலரை நேராகக் காதுக்குள் நீட்டி அளப்பவர்கள் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆலையில் நான் அடிக்கடி பார்க்கும் கடிகாரங்களைச் சொல்கிறேன். சீக்கோ 5 வரிசையில் எஸ்.என்.கே.809க்கு 18. சீக்கோ எஸ்.கே.எக்ஸ்.007க்கும் கேசியோ எம்.டி.வி.107க்கும் 22. சிட்டிசன் புரோமாஸ்டர் என்.ஒய்.0040 உடம்பு பெருத்தது, ஆனால் 20தான். இதற்கு 22 வாங்கிக்கொண்டு வந்து முழித்தவர்கள் உண்டு.

19 மி.மீ. ஒரு தனித் தலைவலி. அப்பாவின் பழைய சீக்கோ 5 அந்த அளவு. 18 போட்டால் இரண்டு ஓரத்திலும் கம்பி பளபளக்கும், கடிகாரம் பக்கவாட்டில் நகரும். நைலான் வளைந்துகொடுக்கும் என்பதால் 20ஐ நெருக்கிப் போடலாம். நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். ஓரம் கொஞ்சம் சீக்கிரம் பஞ்சுபோல் பிரியும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் இந்தச் சமாளிப்பு சரி. இரண்டு மில்லிமீட்டர் என்றால் வார் நடுவில் மடிந்து, கடிகாரம் அதன்மேல் ஊஞ்சலாடும்.

அகலம் சரியாக இருந்தும் நுழையவில்லையா? அப்படியானால் கம்பிக்கும் உடலுக்கும் நடுவே சந்து எவ்வளவு என்று பாருங்கள். கேசியோ எஃப்-91டபிள்யூ போன்ற பிளாஸ்டிக் கடிகாரங்களில் அந்தச் சந்து மிகக் குறுகல். பெரும்பாலான ஜி-ஷாக்குகளுக்கு அடாப்டர் இல்லாமல் வழியில்லை. பழைய பட்டாளத்துக் கடிகாரங்களில் கம்பியைக் காதோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அவற்றுக்குக் கழற்றி மாட்டும் சாதாரண வார் ஆகாது. இந்த நேட்டோ வகைபோல ஊடே இழுத்துக் கோக்கும் வார்தான் போகும்.

கடிகாரம் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது

இப்படித் தொங்கினால் வாரைக் கும்பிட வேண்டும், திட்டக் கூடாது.

என் சித்தப்பா மகன் பழம் வெட்டுகிறவன். ஒரு நாள் காலையில் மட்டை சரிந்து மணிக்கட்டில் உரசிப் போனது. அவன் கவனிக்கவில்லை. குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போதுதான் கடிகாரம் ஒரு காதில் மட்டும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "புது பெல்ட் பிச்சிக்கிச்சு" என்று கொண்டுவந்தான். வாரில் ஒரு நூல்கூட அசையவில்லை. போயிருந்தது ஸ்பிரிங் பார், காதுகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன சுருள்வில் கம்பி. தோல் வாரோ ரப்பர் வாரோ இரண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டும் ஒரு கம்பியை நம்பித் தொங்கும். ஒரு கம்பி போனால் கடிகாரம் கீழே, அவனுக்கு அது தோட்டத்துக் கால்வாயில். நேட்டோ வார் ஒரே நீளமாக இரண்டு கம்பிகளுக்கும் உள்ளே ஓடுவதால், ஒன்று போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இந்த வாரின் பலம் என்று நான் நினைப்பது இந்த ஓட்டத்தைத்தான். துணியின் கெட்டியெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆக, தொங்கினால் முதலில் இரண்டு கம்பிகளையும் கழற்றுங்கள். போனதை மட்டும் மாற்றிவிட்டு இருப்பதை விட்டுவிட வேண்டாம், இரண்டும் ஒரே வயது. கம்பியின் இரு முனைகளையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். மந்தமாக வந்தால் உள்ளே உப்பும் துருவும் சேர்ந்துவிட்டன. மேசைமேல் உருட்டுங்கள். நெளிந்து உருண்டால் வளைந்துவிட்டது. நைலான் தடிமனாக இருந்து கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்லிய கம்பிகள் இப்படி வளையும்.

புதுக் கம்பி வாங்கும்போது நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கம்பி ஏறக்குறைய 1.5 மி.மீ. தடிமன். காட்டு வேலைக்கு 1.8 கேட்டு வாங்குங்கள். சீக்கோ டைவர் கடிகாரங்களின் கதை வேறு. அவற்றில் 2.5 மி.மீ. தடித்த கம்பி வரும், காதிலுள்ள துளையும் பெரிது. அதில் ஒல்லிக் கம்பியைப் போட்டால் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் முனை துளைக்குள் ஆடும். பிறகு ஒரு நல்ல நாளில் வெளியே வந்துவிடும். தடித்த கம்பி போட்டால் வாருக்கான சந்து குறையும். அங்கே 1.2 மி.மீ. துணி சிரமமில்லாமல் போகும், முரட்டுத் துணி திணறும். கடிகாரத்துக்குப் பொருத்தமான கம்பி, அந்தக் கம்பி விட்ட சந்துக்குப் பொருத்தமான துணி. இந்த வரிசையில் வாங்குங்கள்.

கம்பியை மாட்டியதும் 'டிக்' என்ற சத்தம் இரு பக்கமும் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் வாரைக் கோக்காமலே கருவியின் கவையால் கம்பியை மேலும் கீழும் பலமாகத் தள்ளிப் பாருங்கள். வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும், மெத்தைமேல் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கையிலிருந்து கழற்றியதும் கடிகாரம் வாரிலிருந்து வழுக்கி விழுகிறது

கோத்தது தவறு. நேட்டோ வாரில் நீளப் பட்டை ஒன்று, பக்கிளுக்குப் பக்கத்தில் தைத்த குட்டைப் பட்டை ஒன்று. குட்டையின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். நிறையப் பேர் அந்தக் குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா தொங்கவிட்டு விடுகிறார்கள்.

பக்கிள் 12 மணிப் பக்கம் வரட்டும். நீள நுனியை 12 மணிக் கம்பிக்கும் உடலுக்கும் நடுவே மேலிருந்து கீழே இறக்குங்கள். கடிகாரத்தின் முதுகுப்புறமாக இழுத்து, 6 மணிக் கம்பிக்கும் உடலுக்கும் நடுவே கீழிருந்து மேலே ஏற்றுங்கள். குட்டைப் பட்டை கடிகாரத்துக்கு அடியில் படுத்திருக்கும். இப்போது நீள நுனியை அந்தக் குட்டையின் வளையத்துக்குள் விட்டு இழுங்கள். கடிகாரம் பூட்டிக்கொண்டது. வாரை இரு கையாலும் பிடித்துத் தலைகீழாக உதறினாலும் கடிகாரம் நகராது. நகர்ந்தால் எங்கோ ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது, மறுபடி கழற்றுங்கள்.

குட்டைப் பட்டை இல்லாத ஒற்றை ஓட்ட வார்களும் விற்கின்றன. மெல்லியவை, அலுவலகத்துக்கு அழகு. கழற்றும்போது ஒரு கையால் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்தப் பழக்கம் வரும்வரை தரையில் விழும்.

வார் அறுந்துவிட்டது

எங்கே அறுந்தது என்று பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பக்கிள் துளையில் கிழிந்திருந்தால் துளையின் ஓரத்தைச் சூட்டால் உருக்கி மூடாத வார். வெறுமனே குத்தி எடுத்த துளை முதலில் வட்டமாக இருக்கும், பிறகு நூல் நூலாக நீள்வட்டமாகி, பக்கத்துத் துளையோடு கைகுலுக்கிவிடும். கடையில் துளையின் விளிம்பை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். கண்ணாடிபோல் கெட்டியான சின்ன வரம்பு இருந்தால் நல்லது. இருக்கும் வாரைக் காப்பாற்ற, தையல் ஊசியை இடுக்கியில் பிடித்துச் சூடுகாட்டித் துளையின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு முறை தொட்டு எடுக்கலாம். நைலான் 220 பாகை செல்சியசுக்கு மேல் உருகுவது, சிவக்கச் சிவக்கக் காய்ச்சத் தேவையில்லை. நுனி பஞ்சாகப் பிரிந்தாலும் இதே வைத்தியம்தான், லைட்டர் சுடரைத் தூரத்தில் காட்டினால் போதும்.

இரண்டு பட்டைகளும் சேரும் மூட்டில் பிரிந்திருந்தால் தையல் மட்டமானது. சில வார்களில் மூட்டைத் தையல் போடாமல் உருக்கி ஒட்டியிருப்பார்கள். நன்றாகச் செய்த உருக்கு மூட்டு தையலைவிட நாள் தாங்குகிறது என்பது என் அனுபவம். ஆனால் மோசமாக ஒட்டியது வாங்கிய வாரமே கையோடு வந்துவிடும். வாங்கும்போது இரு பட்டைகளையும் எதிரெதிரே சுண்டி இழுத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கம்பி உரசும் இடத்தில் தேய்ந்து அறுந்திருந்தால் காதின் உள்பக்கத்தில் ஏதோ கூர்மையான பிசிறு இருக்கிறது. விரலை விட்டால் தெரியாது, ஒரு பஞ்சைத் தேய்த்தால் மாட்டிக்கொள்ளும். அதை நைசான உப்புத்தாளால் தடவாமல் எத்தனை வார் மாற்றினாலும் அதே இடத்தில்தான் அறும்.

வார் அறுந்துபோக மாட்டேன் என்கிறது

இதையெல்லாம் ஒரு கோளாறாக யாரும் கொண்டுவருவதில்லை. ஆனால் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கன்வேயரிலோ சுற்றும் தண்டிலோ வார் மாட்டினால், ஒரு சாதாரண வாரின் கம்பி பிய்த்துக்கொண்டு கடிகாரம் போய்விடும், கை தப்பும். நேட்டோ வாரோ ஒரு கம்பி போனாலும் விடாது. மேலே எதைப் பெருமையாகச் சொன்னேனோ, அது இங்கே எமன். கை கூடவே போகும்.

எங்கள் ஆலையில் இயந்திரப் பகுதிக்குள் போகும்போது மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. புதுப் பையன்கள் "பட்டாளத்து வார்ண்ணே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஒன்றும் ஆகாது என்பதால்தான் தம்பி கழற்றச் சொல்கிறேன். ஏணியில் ஏறும் வேலை, லோரிக் கதவிலிருந்து குதிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மணி பார்க்க ஆலைச் சங்கு இருக்கிறது.

நாற்றம்

நம் பக்கத்துக்கு இதுதான் பெரிய புகார். லண்டனில் எழுதுகிறவர்கள் நைலான் சட்டென்று காய்ந்துவிடும் என்று எழுதுகிறார்கள். அவர்கள் ஊர்க் காற்று வேறு. இங்கே காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே பிடரி நனைந்துவிடுகிறது. மத்தியானம் ஒரு மழை. மோட்டாரில் வீடு திரும்பும்போது காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் காய்ந்திருக்காது. மேல் துணி காய்ந்து, கடிகாரத்துக்கு அடியில் இரட்டைப் பட்டை படுத்திருக்கும் இடம் மட்டும் ஈரமாகவே கிடக்கும். வியர்வையும் தோல் எண்ணெயும் அங்கே தங்க, கிருமிக்கு விருந்து.

மோந்து பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். நாற்றம் கடிகாரத்தின் முதுகிலேயே இருந்தால் வாரைத் துவைத்துப் பயனில்லை. கழற்றி, மணி திருப்பும் குமிழான கிரவுனை நன்றாக மூடி, முதுகு மூடியின் விளிம்பில் படிந்த கறுப்பு அழுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் தாங்காத கடிகாரமாக இருந்தால் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரிலேயே நாற்றம் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். வளையங்களின் உள்பக்கத்தைத் தேய்க்க மறக்க வேண்டாம், அங்கேதான் வழுவழுவென்று சேர்ந்திருக்கும். நுரை அறவே போகும்வரை அலசுங்கள். அப்படியும் போகாத நாற்றத்துக்கு சோடா உப்பு கரைத்த தண்ணீரில் ஓர் இரவு. குளோரின் பிளீச் வேண்டாம், நைலானைத் தின்றுவிடும். துணி மிருதுவாக்கும் வாசனைத் திரவமும் வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து, அடுத்த வாரம் வியர்வையையும் வாசனையையும் சேர்த்து ஒரு புது நாற்றத்தை உண்டாக்கும். பக்கிளைப் பிடித்து நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தகரக் கூரைமேல் நடுவெயிலில் போடுவது வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை நாளடைவில் நொறுங்க வைக்கும், நிறமும் வெளுக்கும்.

இதையெல்லாம் செய்தும் வாரத்துக்கு வாரம் நாறுகிறதா? அப்போது வேண்டியது இன்னொரு வார். ஒன்று கையில், ஒன்று கொடியில். 60 வெள்ளிக்கு ஒரு வார் வாங்குவதைவிட 30க்கு இரண்டு வாங்குங்கள் என்று சொல்வேன். மாற்றி மாற்றிக் கட்டுகிறவர்கள் யாரும் நாற்றம் என்று என்னிடம் வந்ததில்லை.

அரிப்பு, தடிப்பு

தடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். பக்கிளும் வளையமும் படும் இடத்தில் மட்டும் சதுரம் சதுரமாகச் சிவந்திருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான பக்கிள்கள் பித்தளைமேல் நிக்கலும் குரோமும் பூசியவை. பூச்சு தேயத் தேய நிக்கல் தோலில் படும். பக்கிளின் உள்பக்கத்தை ஒரு வாரம் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துப் பாருங்கள். அரிப்பு அடங்கினால் குற்றவாளி உலோகம்தான். 316எல் எஃகு வளையம் உள்ள வாருக்கு மாறுங்கள். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் தோலுக்குக் கசிவது குறைவு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம்.

மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையாகச் சிவந்திருந்தால் வியர்வை, அல்லது சரியாக அலசாத சோப்பு, அல்லது புது வாரின் சாயம். புதிதாக வாங்கியதை ஒரு முறை துவைத்துவிட்டே கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வும் வேண்டும்.

மருந்து அடிக்கிறவர்களுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். களைக்கொல்லி அடிக்கும்போது துணி வார் கட்டவே கூடாது. தோலில் பட்ட மருந்தைக் கழுவிவிடலாம். வாரில் ஊறியது நாள் முழுக்க மணிக்கட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும். பாராகுவாட்டுக்கு 2020 முதல் நம் நாட்டில் தடை. அதற்காக இப்போது அடிக்கும் மருந்தெல்லாம் தீர்த்தம் என்று ஆகிவிடாது. தோல் கொப்பளித்தாலோ நீர் வடிந்தாலோ வாரைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

வளையத்தில் பச்சைப் பூ, பழுப்புக் கறை

பச்சை என்றால் பூச்சுக்கு அடியில் பித்தளை. பழுப்பு என்றால் இரும்பு. உரம் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. நல்ல எஃகையும் அது புள்ளி புள்ளியாக அரிக்கும். வேலை முடிந்ததும் குழாயில் காட்டி அலசினால் போதும், வேறு மந்திரம் கிடையாது.

மழையில் தளர்கிறது

நைலான் தண்ணீர் குடிக்கும். நன்றாக ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 8, 9 விழுக்காடு வரை. குடித்ததும் இழை கொஞ்சம் நீளும், மிருதுவாகும். ஒரு துளை தள்ளி மாட்டுங்கள், காய்ந்ததும் பழைய துளைக்கு வந்துவிடலாம். இது பழுது இல்லை. பாலியெஸ்டர் வார் ஒரு விழுக்காடுகூடக் குடிக்காது. அளவு மாறவே கூடாது என்பவர்கள் அதைத் தேடலாம். தொடுவதற்குச் சற்று முறைப்பாக இருக்கும்.

நனையாமலேயே குளிர்சாதன அறையில் தளர்கிறது என்றால் சுருங்கியது உங்கள் கை. வெயிலில் கை வீங்கும், குளிரில் வற்றும். கிராணி ஆபீசில் உட்காருகிறவர்கள் இதற்கும் வாரைத்தான் குறை சொல்கிறார்கள்.

கடிகாரம் மேடுபோல் நிற்கிறது, சாய்கிறது

எங்கள் ஊரின் 1885ஆம் ஆண்டு மணிக்கூண்டு சாய்ந்து நிற்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் இளகிய மண். உங்கள் கடிகாரம் சாய்வதற்கும் காரணம் அடியில்தான் இருக்கிறது. முதுகுக்குக் கீழே இரண்டு அடுக்குத் துணி. 1.2 மி.மீ. துணி என்றால் 2.4 மி.மீ. உயரம் கூடுகிறது. சூலு என்ற பெயரில் விற்கும் தடித்த வார்களில் இன்னும் கூடும். ஏற்கெனவே 13, 14 மி.மீ. உயரமுள்ள டைவர் கடிகாரத்துக்கு இது கோபுரம்மேல் கலசம். மெல்லிய துணிக்கோ ஒற்றை ஓட்ட வாருக்கோ மாறுங்கள். குட்டைப் பட்டையைக் கத்தரித்துவிடுகிறவர்களும் உண்டு. கத்தரித்தால் பூட்டு போய்விடும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

வால் நீண்டு தொங்கினால், பொதுவான 280 மி.மீ. நீளம் உங்கள் கைக்கு அதிகம். வாலை மடித்து வளையத்துக்குள் திரும்பச் செருகுவதுதான் வழக்கம். அதுவும் மொத்தையாக இருந்தால் 250 மி.மீ. அளவில் குட்டை வார் கேளுங்கள்.

துணி பிசுபிசுத்து, உருகின மாதிரி ஓட்டை விழுகிறது

இதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சொந்தமாக நாலு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கொண்டுவந்தார். நல்ல வார், அவர் மகன் கோலாலம்பூரிலிருந்து வாங்கிக்கொடுத்தது. ஓரிடத்தில் துணி பசையாகி, இறுகி, நடுவில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. சிகரெட் நெருப்பு பட்டதா ஐயா என்றேன். "நான் புகைக்கிறதை விட்டு இருபது வருசமாச்சு தம்பி" என்றார்.

அப்புறம்தான் உறைத்தது. பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட். அது ஃபார்மிக் அமிலம். ரப்பர் பாலை உறைய வைக்கும் அதே அமிலம், கெட்டியாக இருக்கும்போது நைலானைக் கரைக்கவும் செய்யும். தண்ணீர் கலந்து பாலில் ஊற்றும் பதத்தில் அவ்வளவு வேகம் இருக்காது. கேனிலிருந்து கலக்காமல் தெறிக்கும் சொட்டுதான் ஆபத்து, துணிக்கு மட்டுமல்ல, தோலுக்கும். உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் அலச வேண்டும், கையையும் சேர்த்து. ஓட்டை விழுந்த வாரை மீட்க வழியில்லை. பாலியெஸ்டர் துணி இந்த அமிலத்தைத் தாங்கும் என்பதால் அவருக்கு அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கோத்துக் கொடுத்தேன்.

அவர் அதையும் நம்பவில்லை. இப்போதெல்லாம் கடிகாரத்தைக் கழற்றி மோட்டார் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொண்ட பிறகுதான் கேனைத் திறக்கிறார்.